ஆவின் அகமும் ஆயர் அறிவும்

ஆடு மாடுகளே ஆயர் குலத்தின் பழஞ்செல்வம் என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 'மாடு' என்னுஞ் சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டென்பது தமிழறிந்தார் யாவரும் அறிந்ததே. ஆனால், அச்செல்வத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நம் முன்னோர், அவ்வுயிர்களின் தோலுக்கு உள்ளே அமைந்தவற்றை எவ்வளவு அறிந்திருந்தனர்? எவ்வளவு அறியாதிருந்தனர்? அறியாமை நேர்ந்த இடத்து அதற்குக் காரணம் யாது? இவ்வினாக்களைப் புதுக்கோட்டைச் சீமையை முன்வைத்துச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குலப்பெருமை பேசுவது எளிது. பெருமையோடு குறையையும் சேர்த்து நோக்குவதே வரலாறு எனப்படும்.

புதுக்கோட்டைச் சீமை பேராறுகள் பாய்ந்து வளஞ்செய்யும் நாடன்று. வெள்ளாறு மழைக்காலத்தில் ஓடும். மற்றைக் காலத்தில் மணலாய்க் கிடக்கும். கண்மாய்களும் குளங்களுமே இங்கு உழவுக்கு உயிர். அவற்றிற்கு இடையிடையே செம்மண் மேடும், கற்குன்றும், முட்புதர் மண்டிய தரிசும் பரந்து கிடக்கும். மழை பொய்த்த ஆண்டில் வயல் கைவிடினும் ஆடு கைவிடாது என்னும் நம்பிக்கையில் வாழ்ந்த நாடு இது. தொண்டைமான் மன்னர் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாய் இருந்து, 1948 மார்ச்சு 3-ஆம் நாள் இந்தியாவோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாகிப் பின்னர் 1974-ல் தனி மாவட்டமாயிற்று. ஆட்சிகள் மாறினும் ஆட்டுக்கிடை மாறவில்லை.

இச்சீமையில் ஆடு மாடுகளைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றினைத் தேடுவார் கோயிற் சுவர்களிற் காணலாம். 1929-ல் சமஸ்தானத்தார் தொகுத்து அச்சிட்ட புதுக்கோட்டைக் கல்வெட்டுக்களிலும், பிற சோழ நாட்டுக் கல்வெட்டுக்களிலும், நந்தா விளக்கு எரிப்பதற்காக ஆடுகளைத் தானம் செய்து, அவற்றை இடையர் பொறுப்பில் விடும் வழக்கம் பேசப்படுகிறது. அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உண்டோ எனின், இல்லை. ஓர் ஆடு இறந்தால் அதன் குட்டியை அவ்விடத்து நிறுத்தி, எண்ணிக்கை என்றும் குறையாமற் காக்க வேண்டும் என்பதே அப்பெயரின் கருத்து. விளக்கு அணையாதிருக்க வேண்டுமாயின் மந்தை அழியாதிருக்க வேண்டும். ஊரார் முன்னிலையில் அப்பொறுப்பை ஏற்றவர் நம் முன்னோர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து ஏற்பாடு இன்னும் தெளிவானது. ஒரு விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். அதற்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 எனக் கணக்கு வகுத்திருந்தனர். அதாவது, இரண்டு ஆட்டிற்கு ஒரு பசு ஈடு. மூன்று பசுவிற்கு ஓர் எருமை ஈடு. எருமைப் பாலில் நெய்ச்சத்து மிகுதி என்பதை இன்று கருவி கொண்டு அளந்து கூறுகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வேற்றத்தைக் கணக்கிற் கொண்டு வந்தவர், கறந்து கடைந்து கண்டவரேயாவர். ஆடு ஏறக்குறைய ஐந்து மாதமும், பசு ஒன்பது மாதத்துக்குச் சிறிது மேலும், எருமை பத்து மாதத்துக்குச் சிறிது மேலும் சினை சுமக்கும் என்னும் அறிவின்றி இத்தகைய பொறுப்பை ஒருவர் ஏற்றுக் காத்தல் இயலாது.

இது மந்தையைப் பற்றிய அறிவு. இனி ஒரு தனி உயிரின் உடலைப் பற்றிய அறிவினை நோக்குவோம்.

முதிர்ந்த மேய்ப்பர் ஒருவர் சந்தையில் மாடு பார்க்கும் முறையை நம்மில் பலர் கண்டிருப்பர். பல்லைப் பார்த்து வயதறிவார். மூக்கு நனைந்து குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டறிவார். பின்பு, கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலுள்ள இடப்புறப் பள்ளத்தில் கையை வைத்துச் சிறிது நேரம் நிற்பார். வலப்புறத்தில் ஏன் வைப்பதில்லை? அவரைக் கேட்டால், "தீனி தெரிவது இந்தப் பக்கந்தான்" என்பார். உடற்கூற்று நூலும் அதையே கூறுகிறது. அசைபோடும் விலங்குகளின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அவற்றுள் முதலாவதாகிய பெருவயிறு, அடிவயிற்றின் இடப்புறம் முழுவதையும் ஏறக்குறைய நிரப்பிக் கிடக்கிறது. வளர்ந்த பசுவில் அது நூறு லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது. கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்ணுயிர்கள் அங்கே புல்லையும் வைக்கோலையும் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. நலமுள்ள மாட்டில் அப்பெருவயிறு நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை அலைபோல் அசையும். அவ்வசைவையே மேய்ப்பரின் கை தேடுகிறது.

மற்றை மூன்று அறைகளும் அறியத்தக்கன. இரண்டாவது, உட்புறம் தேனடை போன்ற கண்ணறைகளை உடையது. மூன்றாவது, சுவடியின் ஏடுகள் போல மடிப்பு மடிப்பாக அமைந்தது. நான்காவதே நம் வயிற்றைப் போல் சீரண நீர் சுரக்கும் மெய்வயிறு. பால்குடி மறவாத கன்றுக்குப் பெருவயிறு மிகச் சிறியது. அது பால் உறிஞ்சும்போது, உணவுக்குழாயின் முடிவிலுள்ள ஒரு பள்ளம் குழல்போல் மூடிக்கொண்டு, பாலை முதல் அறைக்கு விடாமல் நேரே மெய்வயிற்றுக்குச் செலுத்துகிறது.

ஆட்டின் உள்ளுறுப்புக்கள் நம் வீட்டுப் பெண்டிர்க்கும் புதியனவல்ல. குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டும் நாளில் ஈரல், நுரையீரல், குண்டிக்காய், குடல் எனப் பிரித்து எடுப்பவர் அவர்களே. மண்ணீரலுக்குச் 'சுவரொட்டி' என்று பெயர். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதனால் அப்பெயர் வந்தது என்பர். பெயர்க்காரணம் எதுவாயினும், உயிருள்ள ஆட்டின் உடலிலே அவ்வுறுப்பு பெருவயிற்றின் சுவரோடு ஒட்டியே கிடக்கிறது. பித்தப்பை உடையாமல் ஈரலைத் தனியே எடுக்கத் தெரிந்த கைக்கு உடற்கூறு தெரியாது என்று யார் கூறுவர்?

ஆயின், ஆட்டிற்கு உண்மையானது பசுவிற்கு உண்மையாகவில்லை. பசு நம்மவர்க்குத் தெய்வம். அதனை அறுப்பதுமில்லை, இறந்தபின் திறந்து பார்ப்பதுமில்லை. பசுவோ எருதோ தொழுவத்தில் மாண்டால், தாழ்ந்தோர் எனச் சமூகம் ஒதுக்கிவைத்த மக்களுக்குச் சொல்லியனுப்புவர். அவர்கள் வந்து பிணத்தை ஊருக்கு வெளியே இழுத்துச் சென்று தோலை உரிப்பர். வயிறு எப்படி இருந்தது, குடல் எந்நிறமாயிருந்தது, ஈரலில் என்ன கண்டது என்பதையெல்லாம் கண்ணாற் கண்டவர் அவர்களே. ஆனால், "நீ கண்டது யாது?" என்று அவர்களை வினவியவர் இல்லை. தொழுவத்தில் மாட்டைத் தொட்டு வளர்த்தவர் அவர்களைத் தொடவும் அஞ்சினர்.

மூன்றாவதாக, ஏட்டில் எழுதியவர் இருந்தனர். 'மாட்டு வாகடம்' எனப்படும் சுவடிகள் தமிழகத்திற் பல ஊர்களில் வழங்கின. சில அச்சும் ஏறின. நோயின் புறக்குறிகள், மூலிகைகள், அளவுகள், சுழிகளின் பலன்கள் ஆகியவையே அவற்றிற் பெரும்பாலும் காணப்படுவன. உள்ளுறுப்புக்களின் இருப்பையும் தொழிலையும் திறந்து கண்டு எழுதும் முறை அங்கு வளரவில்லை.

ஆகவே, ஒரே விலங்கைப் பற்றிய அறிவு மூன்று இடங்களிற் பிரிந்து கிடந்தது. வளர்த்தவர் உயிருள்ள உடலை அறிந்தார். உரித்தவர் இறந்த உடலை அறிந்தார். எழுதியவர் ஏட்டை அறிந்தார். மூவரும் ஒரு திண்ணையில் அமர்ந்து பேசியிருப்பின் இந்நாட்டிலேயே ஒரு கால்நடை உடற்கூற்று நூல் பிறந்திருக்கும். அவ்வாறு பேசவொட்டாமல் தடுத்தது சாதி. நம் முன்னோரின் அறியாமைக்கு அறிவுக்குறை காரணமன்று. கேட்கத் துணியாமையே காரணம் என்பது என் துணிபு.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டிலும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர் ஆடு, மாடு, பன்றி, குரங்கு முதலியவற்றை அறுத்து ஆராய்ந்து, அங்குக் கண்டதை மனிதனுக்கும் ஏற்றிக் கூறினார். ஆடு மாடுகளின் மூளைக்கு அடியில் நுண்ணிய இரத்தக்குழாய்களாலான ஒரு வலைப்பின்னல் உண்டு. அது மனிதனுக்கும் உண்டென்று அவர் எழுதினார். மனிதனுக்கு அத்தகைய வலை இல்லை. ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அத்தவற்றையே நம்பினர். காரணம் யாதெனின், அந்நாட்டுக் கல்லூரிகளிலும் பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் இருந்து நூலைப் படிப்பார். கீழே நின்று உடலை அறுப்பவர் ஒரு நாவிதர். அறுத்தவர் கண்டதைப் பேசார், பேசியவர் கண்டிலர். வெசேலியசு என்பவர் ஆசனத்தை விட்டு இறங்கித் தம் கையாலேயே அறுத்துக் கண்டு, 1543-ல் தம் பெருநூலை வெளியிட்டபோதுதான் அம்மயக்கம் தெளியலாயிற்று.

கால்நடைகளுக்கென்று தனிக் கல்லூரி தோன்றுவதற்கு ஒரு பெருநோய் தூண்டுகோலாயிற்று. அதுவே நம் ஊர்களில் 'வெக்கை' எனப்பட்ட மாட்டுக் கொள்ளைநோய். பதினெட்டாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவின் மாடுகளை மந்தை மந்தையாக அழித்தது. அதன் விளைவாகப் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1761-ல் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவும் ஆணை பிறந்தது.

அதே நோய் இந்தியாவையும் வருத்தியது. காய்ச்சல் காணும், வாயில் புண் புறப்படும், பின்பு கழிச்சல் கண்டு சில நாட்களில் மாடு மாளும். ஊரார் மாரியம்மனுக்குப் பொங்கலிட்டனர். உள்ளே நோக்கின் மெய்வயிற்றிலும் குடலிலும் புண்ணும் இரத்தக் கன்றலும் காணப்படும். இதைக் கண்டவர் தோல் உரித்தவரே. அவரிடம் கேட்பதற்கு மாறாக, தோலுக்காக அவரே நஞ்சிட்டுக் கொன்றார் என்ற பழியும் நாட்டின் பல பகுதிகளில் அவர்மேற் சுமத்தப்பட்டது. அறிவைக் கொடுத்திருக்கக் கூடியவர்க்கு அவமானம் கிடைத்தது.

அரசாங்கம் அமைத்த மாட்டுக் கொள்ளைநோய் ஆணைக்குழுவின் அறிக்கை 1871-ல் வெளிவந்தது. 1889-ல் பூனாவில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பெற்று, 1893-ல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. நம் மாகாணத்தில் 1903-ல் சைதாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பின்னர் வேப்பேரியில் நிலைபெற்ற அக்கல்லூரி, 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றுப் பட்டம் வழங்கும் நிலையை அடைந்தது. முக்தேசுவரத்தில் ஆய்வாளர் வெள்ளாட்டின் உடலில் வளர்த்துப் பதப்படுத்திய கிருமியைக் கொண்டு 1920-களில் தடுப்பூசி கண்டனர். 1954-ல் நாடு தழுவிய ஒழிப்பு முயற்சி தொடங்கிற்று. 1995-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2011-ல் உலகமே அந்நோயினின்று விடுபட்டது என்று அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் மண்ணுலகில் முற்றும் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே. வேண்டுதலால் ஒழியாதது, திறந்து பார்த்த கண்ணாலும் ஆராய்ந்த அறிவாலும் ஒழிந்தது.

இனி, நம் வீட்டு வழக்கங்களை இவ்வறிவின் ஒளியில் வைத்துப் பார்ப்போம். சில வழக்கங்கள் மெய்யான அனுபவத்திற் பிறந்தவை. மழைக்குப் பின் இளம்புல்லை மிகுதியாக மேய்ந்த மாட்டிற்கு வயிறு உப்பினால் எண்ணெய் புகட்டுவது பழைய வழக்கம். பெருவயிற்றில் காற்று நுரையோடு கலந்து ஏப்பமாக வெளிவர இயலாமையே அவ்வுப்புசம். எண்ணெய் நுரையை உடைக்கிறது. வாயில் குறுக்கே குச்சி வைத்துக் கட்டி மெல்லச் செய்வதும் காற்று வெளியேற உதவுகிறது. இவற்றைக் கண்டவர் நூல் படித்தவரல்லர். ஆயினும் சரியாகக் கண்டனர். ஆனால், புகட்டும்போது நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தாலும், தலையை மிக உயர்த்தினாலும், எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுட் சென்று மாட்டைக் கொன்றுவிடும். மருந்து நல்லதாயிருந்தும் மாடு மாண்ட வீடுகள் உண்டு.

வேறு சில வழக்கங்கள் பெருந்தீங்கு விளைப்பவை. அவற்றுள் தலையாயது, நஞ்சுக்கொடி விழும் வரையிற் கன்றுக்குச் சீம்பால் ஊட்டலாகாது என்பது. மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. பசுவின் கருப்பை அமைப்பு வேறு. அங்குத் தாயினின்றும் கன்றுக்கு அப்பொருள்கள் செல்வதில்லை. அவை முழுவதும் சீம்பாலிலேயே வைக்கப்பட்டுள்ளன. அவற்றை அப்படியே உட்கொள்ளும் ஆற்றல் கன்றின் குடலுக்குப் பிறந்த முதல் ஒருநாளளவே உண்டு. நேரம் செல்லச் செல்ல அதுவும் குறைந்துகொண்டே வரும். ஆகவே, கொடி விழக் காத்திருந்து பாலை மறுக்கும் ஒவ்வொரு நாழிகையும் கன்றின் ஆயுளிற் கழிகிறது. கழிச்சல் கண்டு மாண்ட கன்றுகளைக் கண்ணேறு பட்டதென்று புதைத்தோமே, அவற்றுட் பல பசியினாலும் நம் அறியாமையினாலும் மாண்டவை. கன்று மடியை முட்டி உறிஞ்சுவதே கருப்பையைச் சுருங்கச் செய்து கொடி விழுதற்கும் துணைசெய்யும் என்பதையும் அறிதல் வேண்டும்.

அந்நஞ்சுக்கொடியில் கல்லையோ பழஞ்செருப்பையோ கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இத்தகையதே. பசுவின் கொடி கருப்பையோடு ஓரிடத்தில் மட்டும் பற்றியதன்று. ஏறக்குறைய நூறு பொத்தான்கள் பூட்டியதுபோல் ஆங்காங்கே பற்றியிருக்கும். ஒவ்வொன்றும் தானே நெகிழ்ந்து விடுதல் வேண்டும். இழுத்தால் கருப்பை கிழியும், பசு மலடாகும். அரைநாளிலும் விழாவிடில் மருத்துவரை அழைப்பதே முறை. விழுந்த கொடியை வைக்கோலிற் சுற்றி ஆலமரத்திற் கட்டும் வழக்கத்தால் தீங்கொன்றும் இல்லை. நாயும் நரியும் அதை இழுத்துச் செல்லாதிருத்தற்கு அது உதவும். பால்மரத்தைப் போற்றும் அன்பும் அதில் உண்டு. தீங்கற்ற வழக்கத்தைக் காப்போம்; கொல்லும் வழக்கத்தைக் கைவிடுவோம்.

திறந்து பார்த்தலும் எல்லா இடத்தும் தக்கதன்று. அடைப்பான் நோயால் திடீரென்று மாண்டு, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசியும் மாட்டைத் தோலுரித்தலும் அறுத்தலும் ஆகா. அதன் கிருமி மனிதரையும் கொல்லும். மண்ணிற் பல்லாண்டு அழியாது கிடக்கும். அந்நாளில் உரிக்க வற்புறுத்தப்பட்ட ஏழை மக்கள் இந்நோய்க்கும் இரையாயினர் என்பதை நாம் மறத்தலாகாது. சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தலும், மருத்துவர்க்கு உடனே அறிவித்தலுமே கடமை.

நம் காலத்துக்கென்று புதிய தீங்குகளும் வந்துள்ளன. தெருவிற் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளை மாடு விழுங்கினால் அவை பெருவயிற்றிற் செரியாமலும் வெளியேறாமலும் திரண்டு கிடக்கும். விழுங்கிய கம்பியும் ஆணியும் தேனடை வயிற்றிற் சென்று தங்கும். அவ்வறைக்கும் இருதயத்துக்கும் இடையே மெல்லிய உதரவிதானமே உள்ளது. ஆதலின் அக்கம்பி இருதயத்தைத் துளைத்தலும் உண்டு. வெக்கையின் இனமான ஆட்டுக்கொல்லி நோய் 1987-ல் தமிழ்நாட்டிலேயே இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்கும் தடுப்பூசி உண்டு. 2030-க்குள் அதனையும் ஒழிக்க உலக நாடுகள் உறுதி பூண்டுள்ளன. ஆடு வளர்ப்போர் ஒத்துழையாமல் இது நிறைவேறாது.

இனி நாம் செய்யற்பாலது யாது? இப்புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஆடவர்க்கே உரியதாயிருந்த இவ்வூர்க் கல்லூரியிற் பயின்று, 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்றார். அறிவின் வாயில் பிறப்பினாலும் பாலினாலும் அடைக்கப்படுதல் தகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. இன்று சென்னையேயன்றி நாமக்கல்லிலும், நம் எல்லைக்கு அணித்தாகிய ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மாடு வளர்த்தவர் மக்களும், தோல் உரித்தவர் மக்களும், ஏடு எழுதியவர் மக்களும் அங்கு ஒரே மேசையைச் சுற்றி நின்று ஒரே உடலைக் கற்கின்றனர். பிரிந்து கிடந்த மூன்று அறிவும் இப்போதுதான் ஒன்றுகூடுகின்றன.

ஆதலின் நம் சங்கத்தார் தம் புதல்வரையும் புதல்வியரையும் அக்கல்விக்கு அனுப்புக. வீட்டு முதியோரின் கைப்பழக்கத்தையும் குறிகளையும், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க. இறந்த மாட்டைத் தூக்கிச் சென்றவர் வழிவந்த குடும்பங்களிடத்தும் சென்று, அவர்தம் பாட்டனார் கண்டதையும் பணிவோடு கேட்டறிக. நம் முன்னோர் கேளாது விட்ட வினா அது. நாம் கேட்பது காலங்கடந்த செயலாயினும் கடமையாகும். இவ்வாண்டு நம் தொழுவத்திற் பிறக்கும் முதற்கன்றுக்கு, அது எழுந்து நின்றவுடனே சீம்பாலை ஊட்டுக.